பதினொரு பாராட்டு

கும்மிடிப்பூண்டி
7.12.2008

அன்புள்ள ஹுமைராவுக்கு,

கிரேஸ் எழுதுவது. இங்கே நானும் அவரும் நலம். மஸ்கட்டில் நீயும் ஹனீபும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது கைக்கு வரும்போது பக்ரீத் முடிந்திருக்கும். என் வாழ்த்தைத் தாமதமாக ஏற்றுக்கொள்.

இந்த அக்கா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள், தொலைபேசியில் கூப்பிட்டால் என்ன என்று நினைப்பாய். தொலைபேசியில் நீ என்னைப் பேச விடமாட்டாய். கணினியில் எழுதியதற்கு என்ன கதி ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போன மாத மழையில் பள்ளி மைதானம் ஒரு வாரம் குளமாகக் கிடந்தது. ஆய்வகத்தில் நீ விட்டுப்போன பீரோவின் கீழ்த்தட்டு ஊறிப்போயிற்று. மற்றபடி எல்லாம் நீ பார்த்த மாதிரியேதான். ஒரு பெண் மட்டும் குறைகிறாள்.

ஜூன் மாதம் நீ நாற்பது ஆசிரியர்களைச் சேர்த்து மின்னஞ்சல் குழு தொடங்கினாய். ஒருவர் வகுப்பில் செய்ததை எழுதினால் மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்வோம், பழைய முறையை மாற்றுவோம் என்றாய். எனக்கு நம்பிக்கை இல்லை என்று அன்றைக்கே சொன்னேன். நீங்களே வரலன்னா எப்படிக்கா என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக, இந்த வயதில் வாரம் ஒரு நாள் பஜார் தெருவில் ரஷீத் நடத்தும் பிரவுசிங் சென்டரில் மூன்றாம் எண் கணினிமுன் உட்கார்ந்து தமிழ்த் தட்டச்சு பழகினேன்.

நீ அனுப்பிய உறை விளையாட்டை நவம்பர் முதல் வாரம் ஒன்பதாம் வகுப்பில் நடத்தினேன். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் உறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, அதிலிருக்கும் கேள்வியை உரக்கப் படித்துப் பதில் சொல்வது. புகைப்படம் கட்டாயம் என்று எழுதியிருந்தாயே. அண்ணன் மகனின் கேமராவை வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

மோனிகாவை உனக்குத் தெரிந்திருக்காது. நீ போன பிறகு வந்தவள். எளாவூர்ப் பக்கம் வீடு, அப்பா ஜெயராஜ் இரும்பு உருக்கும் கம்பெனியில் தினக்கூலி. கடைசி பெஞ்சு. வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. ஒன்றரை வருடமாக அவள் நோட்டில் சிவப்பு மையால் ‘நன்று’ என்று எழுதி வந்திருக்கிறேன். அவள் முறை வந்தது. அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, முதல் நாள் நான் நடத்திய குறளுக்கு விளக்கத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அட்டையில் இருந்தது ‘உனக்குப் பிடித்த உணவு எது?’ என்ற கேள்வி.

வகுப்பே சிரித்தது. நான் அந்த நேரத்தில் கேமராவை அழுத்திக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஹுமைரா. ஒரு எழுத்துகூட. பலகையில் இருப்பதைப் படம் வரைவதுபோல் வரைந்து, காதில் விழுவதை மனப்பாடம் செய்து ஒன்பதாம் வகுப்புவரை வந்துவிட்டாள். எம்.ஏ., எம்.ஃபில். படித்த தமிழாசிரியைக்கு அது தெரியவில்லை. மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரம் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். வயது பதினெட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். பதினான்கு.

அன்றுதான் குழுவுக்கு எழுதினேன். இரண்டு பக்கம். நான் செய்த தவறையெல்லாம் ஒளிக்காமல் எழுதினேன். அந்தப் படத்தையும் இணைத்து, இவள் முகத்தைப் பாருங்கள், இவளை எப்படித் திரும்பக் கூட்டிவருவது, வந்தால் என்ன செய்வது, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். நான் அப்படி யாரிடமும் எதையும் கேட்டதில்லை என்பது உனக்குத் தெரியும்.

பதினொரு பதில் வந்தது. எல்லாம் பாராட்டு. எக்ஸலண்ட் மேடம். சூப்பர் ஷேரிங். ஆர்.கே.பேட்டை கோபால் சார், நாளைக்கே என் வகுப்பிலும் செய்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். எதைச் செய்து பார்ப்பார்? நீ, அருமை அக்கா, இன்னும் படங்கள் இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய்.

என்ன மனிதர்கள் இவர்கள் என்று மூன்று வாரம் யாருக்கும் பதில் போடவில்லை. போன வியாழக்கிழமை சென்டருக்குப் போனபோது மூன்றாம் எண்ணில் வேறு யாரோ. பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து நான் அனுப்பிய கோப்பைத் திறந்தேன். தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இரண்டு பக்கம். மோனிகா என்று நான் எழுதிய இடத்தில் என், கே, எச், டி, பி, எஃப், எச். ரஷீத் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஃபான்ட் மூணாம் நம்பர்ல மட்டும்தான் கீது டீச்சர், வேற எதுல தொறந்தாலும் இப்படித்தான் வரும், எல்லாருக்கும் இதான் போயிருக்கும் என்றான். கொஞ்சம் யோசித்து, இத்தினி நாளா ஒருத்தர்கூட சொல்லலியா என்று கேட்டான்.

என்ன பதில் சொல்ல? நாற்பது ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஒருவருக்கும் ‘எனக்கு இதைப் படிக்க வரவில்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை என்றா? அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தானே அந்தப் பெண் ஒன்பது வருடம் குறளை ஒப்பித்தாள். அவளையாவது வகுப்பு பார்த்துச் சிரித்தது. உங்களைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை.

படம் மட்டும் சரியாகத் திறந்திருக்கிறது. அதைக் குழுவின் முகப்பில் போட்டு, ஹாப்பி லேர்னிங், கும்மிடிப்பூண்டி என்று எழுதி வைத்திருக்கிறாய். நன்றாகப் பார் ஹுமைரா. மோனிகாவும் சிரிக்கிறாள். எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சேர்ந்து சிரிக்கிறாள். முதலில் அந்தப் படத்தை அங்கிருந்து எடுத்துவிடு.

உன் விளையாட்டைக் குறை சொல்லவில்லை. அது வராமல் இருந்திருந்தால் நான் இன்னும் ‘நன்று’ போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன். அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

ஹெச்.எம். சுப்பராயன் சாருக்குக் கொண்டாட்டம். ஆன்லைன்ல கத்துக்கினு வந்தீங்க மேடம், இப்ப ஒரு பொண்ணு ஆஃப்லைன் ஆயிட்டா, பேர அடிச்சிடலாமா என்கிறார். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள்வரை அடிக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்.

நேற்று ஷேர் ஆட்டோவில் எளாவூர் போய் அவள் அம்மாவைப் பார்த்தேன். உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்கூலுக்குப் போனா அழுதுகினு வந்தா, கம்பெனிக்குப் போனா சிரிச்சிகினு வர்றா, நான் எங்க டீச்சர் அனுப்பட்டும் என்று கேட்டார். அவர் கொடுத்த டீயைக் குடித்தேன்.

மோனிகா கதவுக்குப் பின்னால் நின்றாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து, டீச்சர், அந்தக் கார்டுல இன்னாதான் எழுதியிருந்துச்சு என்று கேட்டாள். சொன்னேன். இவ்ளோதானா, எறா தொக்குன்னு சொல்லியிருப்பேனே என்றாள். வகுப்பில் கூப்பிடமாட்டேன், தினமும் மாலையில் நீயும் நானும் மட்டும் உட்காரலாம், படிக்கக் கற்றுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இந்த மாத வேலை முடியட்டும், ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றாள். ஒரு நாள்தான் கொடுத்திருக்கிறாள்.

வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர, எனக்கு அது தெரியாது ஹுமைரா. யாப்பு நடத்துவேன், புணர்ச்சி விதி நடத்துவேன். எழுத்தே தெரியாத ஒருத்தியை, அவள் வெட்கப்படாமல், வாசிக்க வைக்க யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நீ கல்யாணத்துக்கு முன் அறிவொளி வகுப்பில் பழவேற்காட்டுப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். மீன் வாசனையோடு வந்து உட்காருவாங்கக்கா, மூணு மாசத்துல பஸ் போர்டு படிச்சாங்க என்று சொல்லியிருக்கிறாய். முதல் நாள் என்ன செய்தாய்? எந்த எழுத்தில் தொடங்கினாய்? ஒருத்தி தப்பாகப் படித்தபோது உன் முகத்தை எப்படி வைத்துக்கொண்டாய்? இதைத்தான் அந்த இரண்டு பக்கத்திலும் உன்னிடம் கேட்டிருந்தேன். மற்ற முப்பத்தொன்பது பேரும் சும்மா.

உனக்கும் உன் வீட்டுக்கும் கடவுள் குறை வைக்காமல் இருக்கட்டும். பள்ளி திறக்கும் முன் உன் பதில் எனக்கு வேண்டும். கையால் எழுது. இதைப் படித்துவிட்டு எழுது.

உன் அக்கா,
கிரேஸ்