வலமிருந்து எழுதிய பரீட்சைத் தாள்

கஜா பெராங், மலாக்கா
ரஜப் பிறை ஒன்பது

அன்பு மகன் சிஹாபுதீனுக்கு உம்மாவின் ஸலாம். தைப்பிங்கில் நீ சுகமாக இருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கே நானும் அத்தாவும் உன் தம்பி ஹாஜாவும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுத இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை. அத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கோபத்தில் எழுதாதே ஆயிஷா, ஆறப் போட்டு எழுது என்கிறார். ஆறப் போட்டால் நான் எழுதவே மாட்டேன். தபாலில் போடவில்லை, கருவாட்டு லாரி ஓட்டுகிற நடராஜன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் தமிழை அரபு எழுத்தில் எழுதுகிறவள், வழியில் யார் பிரித்தாலும் அந்த எழுத்தைக் கூட்டித்தான் பார்க்கலாம், உள்ளே இருக்கிற தமிழ் விளங்காது. அதனால் மனசில் பட்டதையெல்லாம் எழுதப் போகிறேன்.

ஹாஜா பரீட்சையில் தவறிவிட்டான். கடைசி வகுப்பு முடித்த பத்திரம் வேண்டுமென்றால் இப்போது ஜப்பான்காரன் ஆட்சியில் ஜப்பான் எழுத்து எழுதிக் காட்ட வேண்டும், அவர்கள் பாட்டைப் பிசகாமல் பாட வேண்டும், கிளேபாங்கில் பள்ளிக்கூடத்து மரவள்ளித் தோட்டத்தில் அறுபது நாள் மண்வெட்டி பிடித்திருக்க வேண்டும். அறுபது என்ன, எழுபத்திரண்டு நாள் வெட்டினான், உள்ளங்கை இரண்டும் காய்த்துக் கிடக்கிறது. பாட்டும் பாடிவிட்டான். எழுத்தில் முட்டை. பத்திரம் இருந்தால் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பத்திரம் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லாத பதினேழு வயதுப் பையன் பெயர் சயாம் ரயில் பாதைக்குப் போகிற பட்டியலில் ஏறிவிடும். பின்தெரு சுப்பையனை அப்படித்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதமாகிறது, ஒரு சீட்டுக்கூட வரவில்லை, அவன் பெண்சாதி தினம் வாசலில் வந்து நின்று தெருவைப் பார்க்கிறாள்.

ஹாஜா மக்கு இல்லை, மெதுவானவன், அது உனக்கே தெரியும். நாலு தரம் சொன்னால் ஐந்தாவது தரம் பிடித்துக்கொள்வான், பிடித்ததை விட மாட்டான். அந்த நாலு தரம் சொல்லத்தான் இந்த ஊரில் ஒருத்தருக்கும் பொழுதில்லை. அவன் வாத்தியார் தம்பிராஜாவிடம் நானே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் கேட்டேன். வகுப்பில் நாற்பத்தைந்து பேரம்மா, இந்தப் பாடமே எனக்கு முந்தின நாள்தான் தெரிய வருது, பின்தங்கின பிள்ளைக்காக நான் எங்கே நின்னு பார்க்கிறது என்று கையை விரித்தார். தெங்கேரா பள்ளிவாசல் லெப்பையிடம் பீங்கான் தட்டில் குர்ஆன் வசனம் எழுதி வாங்கி, கரைத்துக் குடிக்கக் கொடுத்தேன். சிரிக்காதே, உனக்கும் பரீட்சைக்குப் பரீட்சை கொடுத்தேன், மடக் மடக்கென்று நீயும்தான் குடித்தாய். பிறகு உனக்கு எழுதினேன், பதினைந்து நாள் லீவு போட்டு வந்து தம்பிக்குச் சொல்லிக் கொடு, நீ சியோனான் என்று பேர் மாற்றின சிங்கப்பூருக்குப் போய் முறையாகப் படித்த வாத்தியார் ஆயிற்றே என்று. அதற்கு நீ என்னடா பதில் எழுதினாய்? பாடம் ஏறாதவனுக்குப் பத்திரம் கொடுத்தால் பத்திரத்துக்கு மரியாதை இருக்காது என்று. கூடவே பெருமை வேறு, உன் வகுப்பில் நாற்பது பேரில் பதினொரு பேரைத்தான் தேற விட்டாயாம், இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டினாராம். அத்தா அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

யாரும் வராவிட்டால் போங்கள் என்று நானே உட்கார்ந்தேன். எழுத்து அட்டை ஒன்றை இரவல் வாங்கி, நீங்கள் இரண்டு பேரும் குர்ஆன் ஓதப் பழகின அதே மரப்பலகையைக் கழுவி எடுத்து, தினமும் சாயங்காலம் அஸர் தொழுததும் நானும் அவனுமாக எழுதினோம். எனக்குத் தெரிந்தது இந்தக் கடிதம் எழுதுகிற அரபுத்தமிழ் ஒன்றுதான். எழுத்தென்றால் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போவது, அப்படித்தான் அவனையும் எழுத வைத்தேன். பள்ளிக்கூடத்துல இப்படி இல்லையே உம்மா என்று ஒரு நாள் சொன்னான். டவுனில் ஜப்பான்காரன் கம்பெனி போர்டே வலமிருந்துதான் ஓடுதுன்னு அத்தா பார்த்துட்டு வந்து சொன்னாங்க, நீ வாயை மூடிக்கிட்டு எழுது என்று அதட்டினேன். ஒன்றரை மாதம் எழுதினான். பரீட்சை அன்று பயத்தில் கை பழகின பக்கமே போய்விட்டது. தாளைப் பார்த்தவர்கள் முதல் வரியிலேயே குறுக்கே கோடு போட்டு முட்டை போட்டுவிட்டார்கள். வலமிருந்து படித்தால் ஒரு எழுத்தும் பிசகில்லை என்று தம்பிராஜாவே ஒத்துக்கொண்டார், ஆனால் சிவப்பு மையைத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லையாம். பிள்ளை என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை மகனே, அதுதான் என்னைக் கொல்கிறது. தப்பு என்னுடையது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் தப்பாகவாவது அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ என்ன செய்தாய்?

மறுபரீட்சை பிறை இருபத்தெட்டு. அதற்குப் பிறகு இன்னொரு வாய்ப்பு கிடையாது. நடராஜன் வியாழக்கிழமை திரும்புகிறான், லாரியில் பக்கத்து இடத்தை உனக்கு வைத்திருக்கச் சொல்லிவிட்டேன். லீவு தர மாட்டார்கள் என்றால் உம்மாவுக்குச் சீக்கு என்று சொல், அது பொய்யும் இல்லை. கிளம்புமுன் ஒரு காரியம் செய். நீ கழித்துவிட்ட அந்த இருபத்தொன்பது பேர் தாளையும் ஒரு தரம் எடுத்து, எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தான் என்று முழுசாகப் படித்துப் பார். அந்த ஊரிலும் பட்டியல் இருக்கும், அந்தப் பிள்ளைகளுக்கும் உம்மா இருப்பாள்.

மரவள்ளியை நன்றாக வேகவைத்துத் தின்னு, மழையில் நனையாதே. நான் எவ்வளவு திட்டினாலும் ஐந்து வேளையும் உனக்குத்தான் முதலில் துஆ கேட்கிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் இளகின மனசும் தரட்டும். ஹாஜா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
உன் உம்மா ஆயிஷா பீவி

ஹாஜாவின் பரீட்சைத் தாளைத் தம்பிராஜாவிடம் கெஞ்சி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். என் கடிதத்தை இவ்வளவு நேரம் எந்தப் பக்கத்திலிருந்து படித்தாயோ, அதையும் அந்தப் பக்கத்திலிருந்தே படி. எத்தனை மார்க் என்று எனக்கு எழுதி அனுப்பாதே. வந்து அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லு.