கண்ணாடியில் தலைகீழ் அப்பா

ஆடி, ஞாயிறு இரவு

பெரிய ஃபிலிம் கேமரா பார்க்க அப்பா, அம்மாவோடு சோழவரம் போனேன். விற்பவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று கனத்த உலோகம், மற்றது மடக்கும் மரம். அப்பாவை எதிரே நிற்கவைத்தேன். இந்தக் கேமராக்களின் பின்கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். வெளிச்சம் படாமல் அதைப் பார்க்கத் தலைக்கு மேல் போர்த்தும் கறுப்புத் துணிக்குள் அம்மாவும் என்னோடு புகுந்தாள்.

“நீ தலைகீழா நின்னாலும் கேமரா கெடையாதுன்னு குதிச்ச மனுசன், இப்ப அவரே நிக்கிறாரு பாருடி.”

உள்ளேயே சிரித்தாள். அப்பா விறைப்பாக நின்றபடி கேட்டார்.

“போட்டோவுலயாவது நேரா வருவனா?”

“நேராதாம்பா வருவ.”

“அப்ப எதுனா ஒண்ண எடுத்துக்கினு வா. பேஜாரு பண்ணாத.”

மரக் கேமராவை எடுத்தேன். நான் வேலைக்குப் போகும் கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் மடக்கி மடியில் வைக்கலாம் என்று காரணம் சொன்னேன். அதன் துணிதான் பெரியது, உள்ளே போய்விட்டால் அப்பாவைப் பார்த்து அழுதாலும் என் முகத்தை யாரும் பார்க்க முடியாது என்பதைச் சொல்லவில்லை.