ஓடத் தொடங்கிய மோட்டார்

ஜூன் 9
காலையில் இன்சுலின் பேனாவில் இரண்டே யூனிட் வைத்துப் போட்டுக்கொண்டேன். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது போட்டதில் பாதிகூட இல்லை. டாக்டரம்மா முன்பே சொன்னதுதான்: ஊசி சுமையைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டதால், கணையத்தில் மிஞ்சிய செல்கள் தெம்பு வந்து மறுபடி சுரக்கின்றன. சில மாதங்கள் இருக்கலாம், நிலைக்காது.

அப்பாவின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்திருக்கிறது. அத்தைக்குப் போன் போட்டு, "பாப்பாவுக்குச் சர்க்கரை நோய் சரியாயிடுச்சு" என்கிறார்.

ஜூன் 12
நூலகத்தில் படித்தேன். நோய் எதிர்ப்புச் செல்கள் மற்ற செல்களின் மேலிருக்கும் அடையாளத்தைச் சரிபார்த்து, வெளியாள் என்றால் கொல்லுமாம். என்னுடையவை இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே வெளியாள் என்று முடிவு கட்டிவிட்டன. பக்கத்துச் செல்களைத் தொடுவதில்லை. சீருடை சரியாக இருப்பவளையே வெளியே நிறுத்தும் எங்கள் வகுப்புத் தலைவி மாதிரி. தலைவியிடமாவது சண்டை போடலாம்.

ஏன் இந்தத் தவறு? புத்தகத்துக்கே முழுதாகத் தெரியவில்லை. நான் மிட்டாய் தின்றது காரணமில்லை என்பது உறுதி. மிட்டாயால்தான் வந்தது என்று கேலி செய்யும் அண்ணனுக்கு அந்த வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

ஜூன் 15
சாப்பாட்டுக்கு முன் பேனாவை எடுத்ததும் அப்பா கையை மறித்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"மோட்டார் ஓட ஆரம்பிச்சப்புறம் யாராவது தள்ளிக்கிட்டே இருப்பாங்களா? நாளையிலேருந்து நிறுத்திடலாம்மா."

"மோட்டார் ஓடுதுப்பா. ஆனா உள்ள நாலு பேர் ஸ்பேனரோட நின்னு கழட்டிக்கிட்டே இருக்காங்க. அவங்க இன்னும் வீட்டுக்குப் போகல."

"நீ போய்ப் பாத்தியா?"

"அவங்க தடயம்தானே அன்னிக்கு ஆஸ்பத்திரியில எடுத்த ரத்தப் பரிசோதனையில வந்துச்சு."

"புரொபசர் சொன்னா கேளுங்கப்பா" என்றான் அண்ணன். அப்பா சிரிக்கவில்லை. அவர் எதிரிலேயே போட்டுக்கொண்டேன்.

ஆனா நிறுத்திடலாம்னு அவர் சொன்னப்ப, ஒரு நொடி — எனக்கும் ஆசையா இருந்துச்சு. எல்லாம் தெரிஞ்சும் ஏன்?

ஜூலை 2
அப்பா எல்லாம் பேசுகிறார், ஊசியைத் தவிர.

செப்டம்பர் 20
சர்க்கரை ஒரு வாரமாக ஏறுகிறது. டாக்டரம்மா யூனிட்டைக் கூட்டினார்.

"நடுவுல நிறுத்தியிருந்தா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"இங்க வந்திருக்க மாட்டீங்க. அவசரப் பிரிவுலதான் பாத்திருப்போம்."

அப்பா என் பள்ளிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

செப்டம்பர் 21
குளித்துவிட்டு வந்தால், பேனாவில் புது ஊசி மாட்டி, யூனிட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி அப்பா நிற்கிறார்.

"நேத்து வயித்துல போட்ட. இன்னைக்கு எங்கம்மா?"

இடது தொடை என்றேன்.