நான் எரித்த ஹாரோ கட்டைகள்

மே 11

நேற்றும் மழை. நாள் முழுக்க ஒரே ஒரு போன், அதுவும் ராங் நம்பர். மழை வந்தால் ஊருக்குச் சந்தோஷம். டிராக்டரில் தண்ணீர் வண்டி ஓட்டுகிற எனக்கு அன்றைக்குப் பிழைப்பு இல்லை.

என் வீட்டுக்காரர், பழைய வண்டி வாங்குகிற ராகேஷிடம் பேசிவிட்டாராம். அடுத்த மாதம் அவர் வந்து டிராக்டரை எடுத்துக்கொள்வாராம். இவர் ஏதோ அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி ஆகிவிடுவாராம். நான்? திரும்பவும் காக்ஸ் டவுன் வீடுகளில் துடைப்பமும் பக்கெட்டும். மாட்டேன். டேங்கரோடு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்டது அதற்காகவா?

மே 13

ஹொஸ்கோட்டே ரோட்டில் தண்ணீர் பிடிக்கிற போர்வெல் ஷெட்டுக்குப் பின்னால், கொடிக்குள்ளே ஒரு பெரிய இரும்புச் சாமான். காலில் இடித்த பிறகுதான் பார்த்தேன். வரிசையாகக் கிண்ணம் மாதிரி தட்டுகள்.

"தகொண்டு ஹோகம்மா, எடம் காலியானா போதும்" என்றார் போர்வெல்காரர், எடுத்துக்கொண்டு போகச் சொல்லி.

மே 15

லாரியில் ஏற்றி எங்கள் ஜீவனஹள்ளி தெருமுனைக் காலி மனையில் இறக்கியாயிற்று. எதிர்வீட்டு வெல்டர் பெர்னார்ட், "இது ரோடு போடற சாமான்க்கா" என்றார். இவர், "சட்டிக் கலப்பை. பழைய இரும்புக்குப் போடு" என்றார்.

இரண்டு பேரும் தப்பு. சட்டிக் கலப்பைக்கு இரண்டு மூன்று பெரிய தட்டுதான். இதில் இரண்டு தண்டு, ஒவ்வொன்றிலும் நெருக்கமாகச் சின்னத் தட்டுகள். முன்வரிசைத் தட்டுகளுக்கு விளிம்பில் பல், பின்வரிசைக்கு இல்லை. முன்வரிசை மண்ணை வலப்பக்கம் தள்ள, பின்வரிசை அதைத் திருப்பித் தள்ளும். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். டிஸ்க் ஹாரோ! உழுத மண்கட்டியை உடைத்துப் பொடியாக்குகிற சாமான். தூக்கி மாட்டுகிற வசதி இல்லை, நீளமான இழுவைக் கம்பி மட்டும். டிராக்டர் பின்னால் இழுத்துப் போகிற பழைய வகை.

ராகி விதைக்க ஊர் ஊராக நிலம் தயார் பண்ணுவார்கள். மழை வந்தால் எனக்கும் வேலை. இதுதான் வழி.

மே 17, ஞாயிறு

டீசல் ஊற்றி ஊறவைத்து, தண்டு சுழலும் நாலு இடத்தில் மூன்றைக் கழற்றிவிட்டோம். உள்ளே பேரிங் இல்லை, இடத்துக்கு இரண்டாக மரக்கட்டை! பேரிங் வாங்கத் துப்பில்லாமல் எவனோ சொருகியிருக்கிறான். எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். எண்ணெய்க் குளியலுக்குத் தண்ணீர் நொடியில் கொதித்தது.

மே 22

பெர்னார்ட் குழாய் வெட்டி அந்த மூன்று இடத்துக்கும் வளையம் செய்து கொடுத்தார். டிராக்டரில் மாட்டி மனையில் ஒரு சுற்று இழுத்தேன். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. அப்புறம் தண்டு இறுகிப்போய்ச் சுற்றவே இல்லை.

"சும்னே எதுக்கு பாஞ்சாலி இந்த வேலை? போதும் விடு" என்றார் இவர். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். பாவமாகச் சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை.

மே 23

நாலாவதையும் திறந்தேன். அதே மரம், அதே அளவு, எண்ணெய் விட அதே மாதிரி துளை. சொருகின கட்டை இவ்வளவு ஒழுங்காகவா இருக்கும்? அன்றைக்கு அடுப்பில் ஏன் அப்படிக் கொழுந்துவிட்டு எரிந்தது? எண்ணெய் குடித்த மரம். இதற்குப் பேரிங்கே மரம்தான்!

அய்யோ, என் கையாலயே தூக்கி அடுப்புல போட்டேனே. அதுல குளிச்சு வேற வந்தேன் — மகாராணி!

சரி. ஒரு ஜோடி மிச்சம் இருக்கிறது, மாதிரிக்கு அது போதும்.

மே 26

மரக்கடையில் கிடைப்பதெல்லாம் நகம் பட்டாலே பள்ளம் விழுகிறது. உளுத்தது ஒன்று, வெடித்தது ஒன்று. நாளைக்கு ஒக்கலிபுரம் பக்கம் தேடணும்.

மே 28

ஒக்கலிபுரத்திலும் இல்லை. வெறுங்கையோடு திரும்பினால் தெருவில் எங்கள் தண்ணீர்த் தொட்டி தனியாக உட்கார்ந்திருக்கிறது. டிரெய்லரிலிருந்து அதை இறக்கிவிட்டு, அடியில் தாங்கு கொடுத்திருந்த, இரும்பு மாதிரி கெட்டியான ஆச்சாமரக் கட்டையை இவர் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருக்கிறார். என் மாதிரிக் கட்டை பக்கத்தில்.

"கட்டை போச்சுன்னா தொட்டியை எதுல வெப்பீங்க?"

"மொதல்ல இது சுத்தட்டும்" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் உள்ளே போய் அழுதேன். பிறகு அவருக்கு டீ போட்டேன்.

ஜூன் 2

கட்டைகள் ஆமணக்கெண்ணெயில் ஊறுகின்றன. வீடே நாறுகிறது.

ஜூன் 5

சுற்றுகிறது. சத்தமே இல்லை!

ஜூன் 14

ஹொஸ்கோட்டேக்கு அப்பால் ஒரு ராகி நிலம். நான் ஓட்டினேன், இவர் பின்னால் கல் பொறுக்கிக்கொண்டே வந்தார். முதல் சுற்றில் தட்டுகள் மேலாகவே வழுக்கின. ஹாரோ மேல் பாரத்துக்கு இரண்டு மூட்டை மண் ஏற்றியதும் நன்றாக இறங்கின. நிலத்துக்காரர் குனிந்து மண்ணை அள்ளிப் பார்த்தார், அண்ணன் நிலத்துக்கும் நாளைக்கே வரச் சொன்னார்.

ராகேஷ் போன் செய்தார். இவர்தான் எடுத்தார்.

"வண்டி வேலைல இருக்குது சார். நீங்க வேற வண்டி பாத்துக்குங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தொட்டி இன்னும் தெருவோரம்தான் கிடக்கிறது. கோடைக்கு முன்னால் அதற்கு வேறு கட்டை தேடணும்.