விரதத்துக்கு முதல்நாள், உன் குவளை

2025 அக்டோபர் 1, புதன்கிழமை, பிற்பகல் 2 மணி 40 நிமிடம். உன் குவளை இதுவரை காலியானது ஆறு முறை.

என் அண்ணாவுக்கு,

நீ கண்ணை மூடி நான்கு மாதம். எனக்கு ஆவியிலும் பிசாசிலும் நம்பிக்கையில்லை. சென்சர் கருவிகள் பழுது பார்க்கிறவன் நான். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இன்று சூரியன் சாய, யூதரின் பாவமன்னிப்பு விரதநாளான யோம் கிப்பூர் தொடங்குகிறது. இருபத்தைந்து மணித்தியாலம் சோறும் இல்லை, சொட்டுத் தண்ணீரும் இல்லை. லேயா அண்ணியைக் கட்டிய முதல் வருடம், அம்மா அனுப்பிய ஊறுகாயும் மோர்மிளகாயுமாக வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு விரதம் பிடித்தாய். மறுநாள் யூதக் கோயிலில் தாகத்தில் மயங்கி விழுந்தாய். அதன் பிறகுதான் உன் சட்டங்கள்: ஒரு கிழமைக்கு முன்பே கோப்பியைக் குறை. முதல்நாள் உப்பும் உறைப்பும் தொடாதே. மணிக்கு ஒரு குவளை தண்ணீர், ஆளுக்கு ஒன்று.

இன்றும் காலை ஒன்பதுக்கு அண்ணி இரண்டு குவளை நிரப்பி வைத்தார். ஆறு மாத வயிறு. டொக்டர் விரதம் கூடாது என்றுவிட்டார். டொக்டர் சொன்னதைக் கேள் என்று யூதக் கோயில் குருவான ரபியும் சொல்லிவிட்டார். அண்ணி கேட்பதாயில்லை.

“இவ்வளவு வருசமும் ரெண்டு பேரும் சேந்து பிடிச்சனாங்கள். இந்த முறை ஒருத்தரும் பிடிக்காட்டி அவர் இல்லையெண்டே போயிடும், தம்பி. ஏலாது.”

இந்த நகரத்தின் நொய்கெல்ன் பகுதியில் பிறந்த யூதப் பெண். பேசுவது நீ பழக்கிய தமிழ், உன் இழுவையோடு. நீ இல்லாத வீட்டில் அதைக் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு மணிக்கும் உன் குவளையும் காலி. பிள்ளைக்காக அதையும் குடிக்கிறாரோ என்று கேட்டேன்.

“நான் தொடேல்லை.”

ஒரு மணியில் ஒரு குவளை தண்ணீர் ஆவியாகாது. கைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்துப் படம்பிடித்தேன்.

படத்தில் வந்து குடிப்பது நான். இடது கையால். மூன்றே மிடறில், உன்னைப்போல. எனக்கு ஞாபகமே இல்லை. நான் வலதுகைக்காரன், அண்ணா. யாருடைய தாகத்துக்குக் குடித்தேன்? ஒரு கிழமையாகக் கோப்பி ஏன் எனக்கு இறங்கவில்லை?

படத்தைப் பார்த்து அண்ணி அதிரவில்லை. “காலமையிலிருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். என்னெண்டு சொல்லுறது உமக்கு?” வயிற்றில் கை வைத்தார். “நீர் விரதம் பிடிப்பீரோ? பிடிச்சால் நான் சாப்பிடுறன்.”

“விசர்க் கதை” என்றேன்.

பிறகு, “ஓம்” என்றேன்.

இனிச் செய்யப்போவது:

1. ஐந்து மணிக்குச் சோறு, உப்புக் குறைத்த கோழிச் சூப். அளவாக.
2. நாளை அண்ணிக்கு மூன்று வேளையும் சாப்பாடு. என் கண்ணால் பார்த்தால்தான் கணக்கு.
3. எனக்குத் தலை சுற்றினால் நிறுத்துவேன். வீரம் காட்டமாட்டேன்.
4. சுற்றாமல் வெறுமனே பசித்தால், அது யாருடைய பசி என்று கேட்கமாட்டேன். சத்தியம்.

உன் தம்பி,
உன் பிள்ளைக்குச் சித்தப்பா