நெளிந்த இசைத்தட்டின் சீடனுக்கு

என் அருமை சவரி அண்ணாவுக்கு,

நேற்று ஆத்துமாக்கள் திருநாள். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு உன்னைப் பார்க்கக் கல்லறைக்கு வந்திருந்தேன். மெழுகுவர்த்தி கடல்காற்றில் நிற்கவில்லை. அம்மா முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு அது எரிந்து முடியும்வரை குனிந்தபடியே நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகு முழங்காலுக்குத் தைலம் தேய்த்தது யார் என்று உனக்கே தெரியும்.

உன்னிடம் சொல்ல வந்ததை அங்கே சொல்ல முடியவில்லை. சுற்றிலும் ஆட்கள், ஜெபமாலைச் சத்தம். நாலு பேர் நடுவில் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அதனால் எழுதுகிறேன். நம் கோயிலில் அச்சடிக்கும் பங்கு மலரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போடட்டும். சாந்தோமில் கிட்டாரைத் தொட்ட எல்லாரும் படிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

முதலில் வீட்டுச் செய்தி. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைக் கண்டால் நடுங்குகிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். சண்முகத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தி.நகர் ஜவுளிக்கடை வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் உன் பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நம் வீட்டு மீன்குழம்பு வாசனையைப் பொறுத்துக்கொண்ட சைவம், உன் சண்முகம்தான். பெண் தூத்துக்குடிப் பக்கம். வந்த மறுநாளே கிராமபோனைத் துடைத்து வைக்கச் சொன்னானாம். "ஒங்க சாமிய நீங்களே தொடச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டாளாம். உனக்கு அவளைப் பிடித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டி இன்னும் கூடுகிறது, இப்போது சண்முகத்தின் கடை மாடியில். இரண்டாம் பூசை முடிந்ததும் நம் வீட்டு முன்னறையில் கிட்டார்களை மடியில் படுக்கவைத்துக்கொண்டு நீங்கள் போட்ட சண்டைகள் எனக்கு இன்றும் காதில் கேட்கின்றன. யார் பெரியவர்? மவுண்ட் ரோடு ஹோட்டல் பாண்டில் வாசித்த கோவாக்காரரா, சண்முகத்தின் கிராமபோன் பிளேட்டில் இருந்த ஹவாய்க்காரரா?

கோவாக்காரரைப் பார்க்க உங்களுக்கு ஹோட்டலுக்குள் போக வழியில்லை. மதில் ஓரமாக நின்று சாயங்காலம் முழுக்க எட்டி எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டு வருவீர்கள். மறுநாள் கோஷ்டியில் பாதிப் பேர் அவரைப் போல வகிடு எடுத்திருப்பார்கள். கையில் வராததைத் தலையில் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தீர்களோ என்னவோ. நீ மட்டும் சிரித்துவிட்டுச் சொன்னாய்: "வலது கைய அவர்கிட்ட வாங்கிக்கலாம். இடது கை எனக்குப் பிளேட்டுக்காரர் குடுத்தது."

அந்தப் பிளேட்டுக்காரரின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு துரை வீட்டு ஏலத்தில் சண்முகத்தின் அப்பா ஒரு பெட்டி இசைத்தட்டு வாங்கியிருந்தார். நடுவில் ஒட்டிய காகிதமெல்லாம் கரையான் தின்றிருந்தது. பெட்டியைப் பிரித்துக் கேட்பதற்குள் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது. அவர்கள் கடையைப் பூட்டிவிட்டுத் திருநெல்வேலிக்குப் போனார்கள், நாம் செங்கற்பட்டில் சித்தி வீட்டுக்குப் போனோம். பெட்டி மாத்திரம் கடை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, கோடை முழுக்க இருந்தது.

திரும்பி வந்து திறந்தபோது சண்முகம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "லேய் சவரி, பூராம் அப்பளமா பொரிஞ்சிட்டுலே!" உடைந்தது போக, ஊசி நிற்காதது போக, ஒன்றே ஒன்று சுற்றியது. அதுவும் லேசாக நெளிந்திருந்தது. நெளிசல்தானே, பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் தீர்மானம் செய்தீர்கள். ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? முன்னால் ஒரு தடவையாவது கேட்டிருந்தால்தானே.

யுத்தம் முடியும்வரை புது இசைத்தட்டு கண்ணில் படவில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் நீ கற்றாய். அதில் நீளமாக நிற்கும் ஸ்வரம் எல்லாம் மெல்ல மேலே ஏறி, மெல்லக் கீழே இறங்கி, மறுபடியும் ஏறும். இரும்புத் துண்டைத் தந்தியின் மேல் வைத்து அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க நீ எத்தனை நாள் முயன்றாய்! பிடித்துவிட்டாய். பிறகு கோஷ்டியில் ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். ராயப்பேட்டையிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் ஆட்கள் வந்து உன் இடது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடலோரத்தில் வளர்ந்தவன், அலையைப் பார்த்துக் கற்றிருக்கிறான் என்று அடையாற்றுக்காரர்கள் சொன்னார்கள். உன் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த மயிலாப்பூர் மாமா ஒருநாள் வந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பேஷ்! இங்கிலீஷ் வாத்தியத்துல கமகம் பிடிச்சுட்டியேடா! யார்ட்ட கத்துண்டே?"

"பிளேட்டுகிட்டதான் மாமா."

"அசடு, பிளேட்டா சொல்லித்தரும்? ஆத்துல போய் எங்காத்துக்காரிட்ட சொல்லணும். நம்பவே மாட்டா."

அன்றைக்கு உன் முகத்தில் இருந்த பூரிப்பை நான் மறக்கவில்லை. பிளேட்டா சொல்லித்தரும் என்று மாமா கேட்டதை நீ ஏன் மறுக்கவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். உனக்கும் உள்ளூர அப்படி ஒரு சந்தேகம் இருந்ததா, தட்டு சொல்லித்தராத ஏதோ ஒன்று உன் கையில் இருக்கிறது என்று?

பிறகு அந்தச் சவேரியார் திருநாள். அதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். யுத்தம் முடிந்து கடைகளில் சரக்கு வர ஆரம்பித்திருந்தது. உன் பெயர்கொண்ட திருநாளுக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்று சண்முகம் கடை கடையாக ஏறி, வாயால் பாடிக் காட்டி, அதே இசைத்தட்டைப் புதிதாகத் தேடி வாங்கிவிட்டான். கோஷ்டி முழுக்க நம் வீட்டில். அம்மா எல்லாருக்கும் குழல் அப்பம் பொரித்து வைத்திருந்தாள். "இனிமே ஒரு கீறல் கெடையாது, கேளுலே" என்று சொல்லி அவனே சாவி கொடுத்து ஊசியை வைத்தான்.

முதல் ஸ்வரம் வந்தது. வந்த இடத்திலேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

"சாவி சரியாக் குடுத்தியாடா?" என்று யாரோ சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. ஊசியை மாற்றிப் போட்டாய். மறுபடியும் போட்டாய். பிறகு பழைய தட்டை வைத்தாய், அலை வந்தது. புதியதை வைத்தாய், அலை இல்லை. பழைய தட்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் கண்மட்டத்துக்குப் பிடித்துப் பார்த்தாய். அந்த நெளிசலைத் தினமும் பார்த்தவர்கள்தான் நாம் எல்லாரும்.

"இத்தனை வருஷமா நான் வெயில்கிட்ட பாடம் கேட்டிருக்கேன்" என்றாய்.

எல்லாரும் சிரித்தோம், நீயும் சிரித்தாய். சண்முகம் மட்டும் தட்டின் உறையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ அதை ஒரு வேடிக்கையாக விட்டிருக்கக்கூடாதா, அண்ணா? உன் நேர்மையில் எனக்குத் தீராத கோபம். அடுத்த வாரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாய். ராயப்பேட்டை, அடையாறு, மந்தைவெளி. "அந்த ஆட்டம் பாட்டுல இல்லப்பா, பிளேட்டோட நெளிசல். தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். மறந்துடுங்க, நேரா வாசிங்க." கை பழகிய மனிதர்களை உட்கார வைத்து, அவர்கள் கையைப் பிடித்து, ஆடாமல் நிறுத்தக் கற்றுக்கொடுத்தாய்.

அவர்களுக்கு வந்தது. உனக்குத்தான் வரவில்லை. நேராக நிறுத்த வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்காருவாய், இடது கை தானாக ஆடும். நீ நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பாய், மறுபடியும் ஆடும். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஆடட்டுமே என்று எனக்குத் தோன்றும். சங்கீதம் தெரியாதவள் சொல்லி நீ கேட்கவா போகிறாய் என்று வாயை மூடிக்கொண்டேன். தவக்காலம் வந்தபோது கிட்டாரை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி அலமாரி மேல் ஏற்றிவிட்டாய். ஈஸ்டர் வந்தும் இறக்கவில்லை.

நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மா ஒருநாள் வாசலில் கூடையை இறக்கிவிட்டு என்னைக் கேட்டாள்: "இன்னா பாப்பா, ஒங்க அண்ணன் வாத்தியம் சத்தமே காணோம்? நாயித்துக்கெழம இங்க குந்திக்கினு கேட்டுக்கினேதான் மீன் ஆய்வேன். இப்ப தெருவே மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீது." நீ உள்ளே இருந்தாய். உனக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியும். நீ வெளியே வரவில்லை.

சுதந்திரக் கொடி ஏற்றிய வருஷத்து மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அது விஷக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் நீ பேச்சிழந்துவிட்டாய். கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று நீ சண்முகத்திடம் சொன்னது கிட்டாரைப் பற்றித்தான். "அவ்வளவு பேர் கையையும் கெடுத்துட்டேன்டா." அதை நினைத்துக்கொண்டே போய்விட்டாய் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நீ போனதைக்கூட அம்மாவுக்காகத் தாங்கிக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது, கேள். இந்த வருஷம் கோடையில் அந்தக் கோவாக்காரர் சண்முகத்தின் கடை மாடிக்கே வந்துவிட்டார். ஆமாம், அவரேதான். நீங்கள் மதில் ஓரமாக நின்று கேட்டவர். யுத்த நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தெரு வழியாகப் போனபோது உன் வாசிப்பைக் கேட்டாராம். "அந்த மேன் எங்கே? நோட்டை ஊஞ்சல் ஆட்றவர்? எனக்குக் கத்துக்கணும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாராம். நீ இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் வேறு யாராவது வாசித்துக் காட்டுங்கள் என்று உட்கார்ந்தாராம். ஒவ்வொருவராக எடுத்து வாசித்தார்கள். எல்லாருக்கும் நேராகத்தான் வந்தது. நீ அவ்வளவு நன்றாகத் திருத்தியிருந்தாய். பழைய தட்டைப் போட்டுக் காட்டலாமென்றால் அது எப்போதோ உடைந்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

இதைச் சொல்லும்போது சண்முகம் விக்கி விக்கி அழுதான். "அந்தப் புதுப் பிளேட்ட வாங்காம இருந்திருந்தா எங்க சவரி வாசிச்சிட்டே இருந்திருப்பான், தங்கச்சி." அவனுக்கு என்ன சமாதானம் சொல்வது? ஆசையாகப் பரிசு வாங்கியது ஒரு குற்றமா? போன மாதம் உன் வருஷப் பூசைக்குப் பழையபடி வாசிக்கச் சொல்லிக் கோஷ்டியை நானே கேட்டேன். "அண்ணனே தப்புன்னு சொல்லிட்டாரே, டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்தப் பூசைக்காகத்தான் பாட்டுக்குழுவில் தனியாகப் பாட ஒத்துக்கொண்டேன். ஆர்கன் வாசிக்கப் புது மாஸ்டர் வந்திருக்கிறார், ரொம்பக் கறார். ஒத்திகையில் பாதியில் நிறுத்தினார்.

"டீச்சர், நீளமா புடிக்கிற எடத்துல உங்க கொரல் ஆடுது. நேரா நிறுத்துங்க."

மறுபடியும் பாடினேன். மறுபடியும் நிறுத்தினார். எனக்குக் கோபம் வந்தது. என்ன ஆடுகிறது என்று காட்டிவிடலாம் என்று, என் குரலை நானே கவனித்துக்கொண்டு பாடினேன். மெல்ல மேலே ஏறியது. மெல்லக் கீழே இறங்கியது. மறுபடியும் ஏறியது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், அண்ணா. நாலு பேர் நடுவில் அழ வராது என்று எழுதினேனே, அன்றைக்கு வந்தது.

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு உன்னைக் கேட்டிருக்கிறேன்! உன் வீட்டிலேயே ஒருத்தி கற்றுக்கொண்டுவிட்டாள் என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊரெல்லாம் சைக்கிளில் சுற்றி எல்லாரிடமும் மறக்கச் சொன்னாயே, என்னிடம் மட்டும் நீ சொல்லவில்லை.

நேராகப் பாட மாட்டேன் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். உன் பூசையில் அப்படியேதான் பாடினேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் கோஷ்டிக்காரர்களைச் சண்முகத்தின் மாடியில் உட்கார வைத்து நான் பாடப்போகிறேன், அவர்கள் கேட்டுக் கேட்டுப் பிடிக்கட்டும். கோவாக்காரருக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன். அது தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும், அதை இந்த ஊரில் யாரும் மறக்க விடமாட்டேன். உன் பேச்சைத் தட்டியதே இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தடவை முழு மனதோடு தட்டுகிறேன்.

உனக்குப் பின்னால் பிறந்து, இந்த மாதம் உன் வயதைத் தாண்டிவிட்ட,
உன் தங்கை லூர்து.