விரதம் இல்லாமல் கட்டிய வேஷம்

அண்ணே,

இன்று காலை நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு ஒருவர் ஓட்டுக் கேட்டு வந்தார். டிவியில் சிரிக்க வைப்பாரே, அவர்தான். பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் என் கையைப் பிடித்துக் கும்பிட்டபோது முகத்துப் பவுடர் வாசம் வந்தது. சட்டென்று நீங்கள் எதிரே நின்றீர்கள், காமன் கூத்துக் கோமாளியாக, வியர்வையில் அரிதாரம் வழிய.

உங்களையும் ஒரு தேர்தலில் நிறுத்தினார்களே. "நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம். மேடையில ஏறி சிரிக்க வச்சா போதும், சனம் ஓட்டு போட்டுரும்" என்றார்கள் கட்சிக்காரர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என்னிடம் கண்ணடித்தீர்கள்.

"பிரதேச சபைக்குக் கோமாளி போறேன் தங்கச்சி."

"அங்க ஏற்கனவே நெறைய பேரு இருக்காங்களாமே" என்றேன். எனக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது.

கூட்டம் மாரியம்மன் கோயில் முன்னால் நடந்தது. தோட்டத் துரை மாதிரி நடந்தீர்கள், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மாதிரி ஏசினீர்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்போது மேல் லயத்துச் செல்லம்மா அக்கா எழுந்தார். அவர் வீட்டுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்து, மழைக்குச் சேறு இறங்கிக்கொண்டிருந்த காலம்.

"தம்பி, நீங்க ஜெயிச்சா எங்களுக்கு வேற எடம் வாங்கித் தருவீங்கதானே?"

"எதுக்குக்கா வேற எடம்? மலையத் தள்ளி வச்சிருவோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நீங்க ஜெயிக்கணும்னு செவ்வாக்கெழமையில பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கேன் தம்பி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்று உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. "கூத்துல கோமாளி வேஷம் கட்டவே காப்புக் கட்டி வெரதம் இருக்கேன். இதுக்கு ஒரு வேள கூட இருக்கல தங்கச்சி. எனக்காக அந்தக்கா இருக்கு" என்றீர்கள்.

மறுநாள் லயம் லயமாகப் போய், "எனக்குப் போடாதீங்க, எனக்கு இதுல ஒன்னும் தெரியாது" என்று சொன்னீர்கள். அதற்கும் சிரித்தார்கள். தோற்றீர்கள். அதன்பிறகு மழை வலுத்தபோதெல்லாம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறி, எல்லோரையும் கோயில் மண்டபத்துக்கு இறக்கி வந்தீர்கள். செல்லம்மா அக்காவோடு மனுவைத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தீர்கள். வேறு இடம் இன்னும் கிடைக்கவில்லை அண்ணே.

காலையில் வந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் ஜெயிக்க வேண்டுமென்று எந்த வீட்டில் யார் பசியோடு இருக்கிறார்களோ, அதை யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். நான் வாயெடுப்பதற்குள் வேனில் ஏறிவிட்டார்.

நீங்கள் கண்மூடிய பின் மழைக்கு மேல் லயத்துக்கு நான்தான் ஏறுகிறேன். இன்று பிற்பகல் வானம் கறுத்ததும் போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரது?"

"கோமாளியோட தங்கச்சிக்கா."

கதவு திறந்தது. செல்லம்மா அக்கா போர்வையை மடித்துக் கையில் தயாராக வைத்திருந்தார்.